மஞ்சள் வில்லை மாடுகள்

ராபிட் சிட்டி
3 மே 2020

அண்ணிக்கு,

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றவளை அண்ணி என்று எழுதும்போதெல்லாம் இன்னும் சிரிப்பு வருகிறது. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இதைப் பொறுத்துக்கொள். 'நீங்க' மட்டும் என் வாயில் வராது.

போனில் பேசலாம் என்றால் உங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைப்பதற்குள் என் இடைவேளை முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இந்தக் கொரோனாவில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நிலைமை சொல்லும்படி இல்லை. சமையலறையில் இருக்கும் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. காலையில் தட்டு அடுக்கும்போது ஒன்று குறைந்தால், ஓர் ஆள் போய்விட்டார் என்று நாங்களே தெரிந்துகொள்கிறோம். இந்த வாரம் குறைந்துகொண்டே வருகிறது. வேலை செய்பவர்கள் ஊருக்கெல்லாம் போகக்கூடாது என்றும் கட்டளை போட்டுவிட்டார்கள்.

ஆகவே இந்த வருஷம் கன்றுகளுக்குக் குறிச்சூடு போடும் நாளுக்கு என்னால் வரமுடியாது. புருஷனை விட்டுப் பிரிந்த வருஷம்கூட வந்து கன்றுகளைக் காலைப் பிடித்துக் கவிழ்த்தவள் நான். அழுகையாக வருகிறது, போ.

ஒரு காரியம் செய். அப்பா என் பேரில் பதிந்து கொடுத்த ஏணிக்குறிச் சூட்டுக்கோல் கொட்டகையில் தொங்குகிறது. இந்த வருஷம் என் கன்றுகளுக்கு அதைத்தான் போட வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் டவுனுக்கு வந்தபோது அண்ணன் என்ன சொன்னான்? "ரெண்டு கோலைக் காயவெச்சுக்கிட்டு யாரு நிக்கிறது? எல்லாத்துக்கும் என் அரைநிலாவையே போட்டுடறேன். உன் மாட்டுக் காதுல மஞ்சள் வில்லை, என் மாட்டுக் காதுல வெள்ளை. நமக்குள்ள இது போதாதா?" போதும் என்று தலையாட்டினேன். கூடப் பிறந்தவன்தானே. இப்போது என் மந்தையில் ஏணிக்குறி உள்ளதெல்லாம் கிழடுகள். இளசுகள் அத்தனையும் உடம்பில் அவன் குறியும் காதில் என் மஞ்சளுமாகத் திரிகின்றன.

அடுத்த வசந்தத்தில் இந்த வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வடக்கு மேய்ச்சலில் கிடக்கும் பழைய டிரெய்லர் வீட்டுக்கு வந்துவிடப் போகிறேன். மேய்ச்சலுக்குக் கூலியாகப் பிறக்கும் கன்றில் பாதி வருஷா வருஷம் அவனுக்குத்தான் போகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மாடுகள்தான் எனக்குப் பென்ஷன், வீடு எல்லாம். வேறு எதுவும் இல்லை என்று உனக்கே தெரியும். அண்ணன் முணுமுணுப்பான். நீ சொன்னால் கேட்பான்.

கோலீன்


அரைநிலாப் பண்ணை
1 ஜூன் 2020

அன்புள்ள கோலீன்,

நல்ல மழை. அணைக்குட்டை நிரம்பிவிட்டது. சேற்றில் டிரக் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. தோட்டத்தில் ருபார்ப் கீரையின் புளிப்புத் தண்டு இந்த வருஷம் என் கைத்தடிமனுக்கு வந்திருக்கிறது, நீ இருந்தால் தின்றே தீர்த்திருப்பாய். உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முகக்கவசத்தைக் கழற்றாதே.

சூடு போட்டு முடித்தோம். வழக்கமாக நாற்பது பேர் வந்து கல்யாணவீடு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியாததா. இந்தத் தடவை அவரும் நானும் கூலிக்கு வந்த ஓர் ஆளும் மட்டும்தான். பக்கத்துப் பண்ணை கோவார் வீட்டு இளஞ்சோடி உதவிக்கு வரட்டுமா என்று கேட்டார்கள். வேலித் தகராறை மறக்காத உன் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு கோலைத்தான் காய வைக்க முடிந்தது. இலையுதிர் காலத்தில் மேய்ச்சலிலிருந்து மந்தையை இறக்கும்போது உன் கன்றுகளுக்கு ஏணியைப் போட்டுவிடலாம் என்கிறார். எல்லாவற்றுக்கும் மஞ்சள் வில்லையை நானே என் கையால் குத்தினேன். கவலைப்படாதே.

மாட்டு விலை கிடுகிடுவென்று விழுந்துவிட்டது. அறுக்கும் ஆலைகளை மூடினால் யார் வாங்குவார்கள்? அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பண்ணைகளுக்கு அரசாங்கம் ஏதோ கொரோனா நிவாரணம் தருகிறதாம், ஒரு மாட்டுக்கு முப்பத்துமூன்று டாலர். அந்தப் பிச்சைக்காசுக்கு அத்தனை தாளை நிரப்ப வேண்டும். உனக்கு இருக்கும் வேலையில் அந்தத் தலைவலி எதற்கு? விட்டுவிடு.

வேறு ஒன்றும் எழுத நினைத்தேன். ரொட்டி அடுப்பில் இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம்.

ட்வைலா


ராபிட் சிட்டி
20 ஆகஸ்ட் 2020

அண்ணி,

நீ விட்டுவிடு என்று சொன்னாய். நானும் விட்டுவிட்டுத்தான் இருந்தேன். போன வாரம் டிரெய்லர் வீட்டுக் கூரைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தபோது, பிச்சைக்காசானாலும் தகரம் வாங்க ஆகுமே என்று நிவாரணம் தரும் கவுண்டி பண்ணை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பெத்தனி எடுத்தாள். நாம் தூக்கி வளர்த்த குட்டி, இன்றைக்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குன்னு ஒரு மாடுகூட இல்லையே. அரைநிலாப் பண்ணை மாடு மொத்தத்தையும் வெர்லின் அங்கிள் தன் பேர்ல போட்டுப் பணமும் வாங்கிட்டாரே."

"என் மாட்டையும் சேர்த்தா?"

"எல்லாம் என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கார் ஆன்ட்டி. நீங்க வித்துட்டீங்கன்னுல நான் நினைச்சேன்."

அந்தக் குழந்தைக்கு முன்னால் நான் என்ன சொல்வது? "ஆமா, மறந்துபோச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் சொந்த மாட்டை மறந்துபோன பைத்தியமாக ஆனேன், அண்ணனைக் காட்டிக்கொடுக்க வாய் வராததால்.

முப்பத்துமூன்று டாலர் எனக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் எடுத்துக்கொள் என்றிருப்பேன். ஆனால் எல்லாம் என்னுடையது என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறானே, நாளைக்கு என் மாட்டை நான் எப்படிக் கேட்பேன்? உடம்பில் அவன் குறி, தாளில் அவன் கையெழுத்து. எனக்கு மிச்சம் இருப்பது காதில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அவசரத்தில் நடந்த தவறு என்று ஒரு வரி எழுது. நம்பத் தயாராக இருக்கிறேன். அவனிடம் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன்.

கோலீன்


அரைநிலாப் பண்ணை
9 செப்டம்பர் 2020

கோலீன்,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தவறு இல்லை. தெரிந்துதான் செய்தோம். தாளை நிரப்பியது நான், கையெழுத்துப் போட்டது அவர். பண்ணைக் கணக்கு எழுதுகிறவள் நான்தான், வேறு யார் மேலும் பழியைப் போட மாட்டேன்.

இது இந்த வருஷத்துக் கதையும் இல்லை. இரண்டு வருஷமாக வறட்சி, வைக்கோலை விலைக்கு வாங்கினோம். போன குளிர்காலத்தில் பேங்க் கடனைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது. எங்கள் மந்தையை மட்டும் காட்டினால் ஈடு போதாது. உன் மாடுகளையும் சேர்த்து அவர் தன்னுடையது என்று காட்டிவிட்டார். குறி அவருடையதுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன், அப்புறம் சொல்லவில்லை.

பிறகு இந்த நிவாரணம் வந்தது. அங்கே ஒரு கணக்கும் பேங்கில் ஒரு கணக்குமாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். சின்ன ஊர், எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறார்கள். அதனால்தான் உன்னை விட்டுவிடு என்று எழுதினேன். நீ போன் போடுவாய் என்று நினைக்கவில்லை.

உன் மாடுகளுக்கு வந்த பணத்துக்கு என் சொந்தக் கணக்கிலிருந்து செக் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள். யாரிடமும் பேசாதே, உன் காலில் விழுகிறேன். பொய்க் கணக்குக் கொடுத்தால் ஜெயிலாம். கன்று விலை ஏறட்டும், கடன் அடையட்டும். உன் மாடு எங்கே போகிறது? வடக்கு மேய்ச்சலில்தான் மேய்கிறது. எது எது உன்னுடையது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

ட்வைலா


ராபிட் சிட்டி
27 செப்டம்பர் 2020

ட்வைலா,

செக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் காசை வாங்கினால் நானும் உங்கள் கூட்டாளி ஆகிவிடுவேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக எனக்கு ருபார்ப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாய்.

வாயைத் திறக்க மாட்டேன். அவன் செய்ததற்கு ஜெயில்தான் சரி என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, மறு நிமிஷம் அம்மா முகம் வருகிறது. ஆனால் இனிமேல் என் மாடு அங்கே நிற்காது. அக்டோபரில் மந்தையை இறக்கும் அன்றைக்கு வாடகை டிரக்கோடு வருகிறேன். மாட்டுக்குறி ஆய்வாளர் ஹார்லனை வரச் சொல்லிவிட்டேன். அவர் சீட்டுக் கொடுக்காமல் ஒரு மாடும் ரோட்டைத் தாண்டாது, உனக்கே தெரியும். குறி ஒன்றாகவும் மாடு வேறொருவருடையதாகவும் இருக்கிற வீடு அவருக்குப் புதிதில்லை. பட்டியில் நிற்கிற வீட்டுக்காரர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்வார்.

அண்ணன் சொல்ல மாட்டான். நீ சொல். 'மஞ்சள் வில்லை எல்லாம் கோலீனோடது', இவ்வளவுதான். பேங்க்காரனைச் சமாளிப்பது உங்கள் பாடு. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, அடியே. இதை மட்டும் கேட்கிறேன்.

கோலீன்


ராபிட் சிட்டி
25 அக்டோபர் 2020

திருமதி ட்வைலா அவர்களுக்கு,

'நீங்கள்' என் வாயில் வராது என்று ஒரு காலத்தில் எழுதினேன். நேற்றோடு வந்துவிட்டது.

நேற்று நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டியதில்லை, நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் பட்டியின் கதவைத் திறந்து முதல் மாட்டைப் பார்த்தேன். காதில் வில்லை இல்லை. இரண்டாவது, மூன்றாவது, எதிலும் இல்லை. என் மாட்டுக் காதிலெல்லாம் ஓட்டை மட்டும், சிலதில் ரத்தம்கூடக் காயவில்லை. வெள்ளை வில்லைகள் மட்டும் பத்திரமாக இருந்தன. நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலி ஓரத்தில் பேங்க்காரன் நின்றிருந்தான். அன்றைக்கே அவனையும் வரச் சொன்னது யாருடைய யோசனை?

ஹார்லன் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேராக உங்களிடம் வந்தார்.

"ட்வைலா, இந்த மந்தையில உன் நாத்தனார் மாடு இருக்கா? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நான் எழுதிக்கிறேன்."

நீங்கள் கையுறையைக் கழற்றினீர்கள். மறுபடியும் மாட்டினீர்கள்.

"குறி என்ன சொல்லுதோ அதுதான் ஹார்லன்."

அவர் மறுபடியும் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? குறி என்ன சொல்லுதோ அதுதான்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றவள், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சொன்னது இது. அண்ணன் திருடினான். அது ஒரு மாதிரி வலி. நீங்கள் செய்தது என்ன என்று எனக்குப் பேர் வைக்கத் தெரியவில்லை. என் மாடுகள் ஒவ்வொன்றாக என் முகத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனதே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்க முடிந்தது?

ஏணிக்குறி உள்ள பதினொரு கிழடுகளுக்கு மட்டும் ஹார்லன் சீட்டு எழுதினார். அவற்றை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று ரோட்டில் நின்றபோது, கோவார் வீட்டுப் பெண் டிராக்டரை நிறுத்தி, "எங்க கொட்டில்ல கட்டுங்கக்கா, வைக்கோல் இருக்கு" என்றாள். முன்பின் பேசிப் பழகாதவள்.

டிரெய்லர் வீட்டுக்கு நான் வரப்போவதில்லை. பதினொரு கிழட்டு மாட்டை நம்பி யாரும் வேலையை விட மாட்டார்கள். நிம்மதியாக இருங்கள், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன்.

கோலீன்


அரைநிலாப் பண்ணை
17 ஜனவரி 2021

கோலீன்,

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கூகென் கேக் திரும்பி வந்துவிட்டது. பரவாயில்லை.

வில்லைகளை அறுத்தது நான்தான். அவர் அறுக்கச் சொல்லவில்லை, பேங்க்காரன் வரப்போகிறான் என்று மட்டும் சொன்னார். முந்தின ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். உன் அண்ணன் அழுது நீ பார்த்ததில்லை, நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விடிந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு நானே போனேன். நான் குத்திய வில்லை, நானே அறுத்தேன். உன் பக்கம் பேசியிருந்தால் அன்றைக்கே பேங்க் பண்ணையைப் பூட்டியிருக்கும். உனக்குச் சம்பளம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. எங்களுக்கு இந்த மண்ணை விட்டால் என்ன இருக்கிறது? இதைத்தான் யோசித்தேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. மறுபடியும் அந்தப் பட்டியில் நிறுத்தினால் வேறு மாதிரி சொல்வேனா என்றும் தெரியவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நிவாரணம் வாங்கிய பண்ணைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கிறார்களாம். நம் பண்ணையின் பெயர் வந்திருக்கிறது. நீ அன்றைக்குப் போன் போட்டு விசாரித்ததால் மேலிடத்திலிருந்து ஒருவர் உனக்குப் போன் செய்வார். உன் மாடு இருந்ததா என்று கேட்பார். நான் உன்னிடம் எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அவர் உன் கூடப் பிறந்தவர்.

ட்வைலா


அரைநிலாப் பண்ணை
28 மார்ச் 2021

அன்புள்ள கோலீன்,

எல்லாம் சரியாக இருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து தபால் வந்துவிட்டது. நீ எங்களைக் கைவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும், நான் அவரிடம் அப்போதே சொன்னேன். தபாலைப் படித்துவிட்டு இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார், எத்தனை மாதத்துக்கு அப்புறம்! பேங்கும் இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டது. கன்று விலையும் மெதுவாக ஏறுகிறது.

மே மாதம் எட்டாம் தேதி சூடு போடுகிறோம். எல்லோருக்கும் கொரோனா ஊசி போட்டாகிவிட்டது, இந்த வருஷம் எல்லோரும் வருகிறார்கள், பழையபடி நாற்பது பேர். நீ வர வேண்டும். உன் கையால் பீன்ஸ் வேக வைத்து எத்தனை நாளாயிற்று. அவர் வாயால் மன்னிப்புக் கேட்க மாட்டார், உனக்குத் தெரியும் அவர் சுபாவம். ஆனால் உனக்கு இரண்டு கிடேரிக் கன்று கொடுத்துவிடலாம் என்று தானாகவே சொன்னார். ஏணிச் சூட்டுக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பழசை எல்லாம் மறந்துவிட்டு ஒருநாள் வந்து சிரித்துவிட்டுப் போயேன்.

உன் அண்ணி
ட்வைலா


ராபிட் சிட்டி
11 ஏப்ரல் 2021

திருமதி ட்வைலா அவர்களுக்கு,

இரண்டு கிடேரி. அறுபதுக்கு மேல் எடுத்துக்கொண்டு இரண்டைத் தருகிறானாம், அதற்கு நான் பீன்ஸ் வேக வைக்க வேண்டுமாம். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். கூட வேலை செய்பவள் என்ன ஜோக் என்று கேட்டாள்.

அந்த மனிதர் பிப்ரவரியில் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், அந்த மந்தையில் உங்களுக்குச் சொந்தமான மாடு இருந்ததா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குறி என்ன சொல்லுதோ அதுதான் சார்." அந்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லி முடித்ததும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். நீங்கள் எடுத்தீர்களா?

அதை உங்களுக்காகச் சொல்லவில்லை. என் அண்ணனை ஜெயிலில் தள்ளியவள் என்ற பேரோடு சாக விருப்பமில்லை, அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் நான் பட்ட கடன் அத்தோடு தீர்ந்தது. இதில் மறப்பதற்கு ஒன்றுமில்லை. உங்களால் மறக்க முடிந்தால் அது உங்கள் பாக்கியம்.

சூட்டுக்கோலைத் துடைத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கோவார் வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஏணிக்குறியை அவர்களுக்கு விற்றுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை பதிவும் மாறிவிட்டது. பதினொரு கிழடுகளும் அவர்களுக்கே. எட்டு சினையாக இருக்கின்றனவாம், இன்னும் இரண்டு ஈற்று தாங்கும் என்கிறாள் அந்தப் பெண். அவளுக்குச் சொந்தக் குறி இல்லாமல் இருந்தது. ஏணி என்றதும், "அக்கா, அது உங்க அப்பா போட்டதாச்சே" என்று தயங்கினாள். அப்பாவுக்கு மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னேன். அவர்கள் கொடுத்த விலையில் இங்கேயே ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

இனிமேல் அவர்கள் வீட்டுக் கன்று எல்லாவற்றுக்கும் ஏணிதான். உங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே அவர்கள் மேய்ச்சல்தான் இருக்கிறது, வேலியும் அந்த இடத்தில் எப்போதும் தளர்ந்துதான் கிடக்கும். என்றைக்காவது அவர்கள் மாடு தாண்டி உங்கள் பக்கம் வந்து நிற்கும். யாருடையது இது என்று அண்ணன் உங்களைக் கேட்பான். அப்போதாவது வாயைத் திறந்து பேரைச் சொல்லுங்கள்.

கோலீன்